32 சென்டிமீட்டர் கார்டும் என் பழைய கேபினெட்டும்

அம்பாசமுத்திரத்தில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து புது வீடுகளுக்கு எலிவேஷன், அதாவது முகப்புப் படம், போட்டுக் கொடுப்பது என் வேலை. சிவில் டிப்ளமோ முடித்த கையோடு 2017-இல் ஆரம்பித்தது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கத்து இன்ஜினியர்களும் காண்ட்ராக்டர்களும் பிளானை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதை ஸ்கெட்ச்அப் என்ற மென்பொருளில் எழுப்பி, லூமியன் என்ற இன்னொன்றில் வெயிலும் மரமும் வைத்து, வீட்டுக்காரர் பார்க்கிற மாதிரி படமாக்கித் தருவேன். எங்கள் பக்கம் பல வீடுகள் துபாயிலும் சவுதியிலும் இருபது வருஷம் உழைத்த காசில் எழும்புகின்றன. அந்த வீட்டின் முகத்தை அவர்கள் முதன்முதலில் பார்ப்பது என் கம்ப்யூட்டரில் இருந்து போகும் படத்தில்தான். படம் சரியில்லை என்றால் வீடே சரியில்லை என்று நினைத்துவிடுவார்கள். அதனால் கம்ப்யூட்டருக்குள் படத்தை உருவாக்கிக் கொடுக்கிற கிராபிக்ஸ் கார்டு எனக்குக் கொத்தனாரின் கரண்டி மாதிரி. விளையாட்டுச் சாமான் கிடையாது.

முதல் கார்டு ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி மெமரி. 2017 மார்ச்சில் 21,500 ரூபாய். அம்மா கட்டிய நகைச்சீட்டு முதிர்ந்த பணம். 120 வாட் தான் இழுக்கும். இரண்டு சின்ன ஃபேன், ஒரே ஒரு 6 பின் ஒயர். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் ஐந்து வருஷம் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது. அதற்கு முந்தி 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ இன்னும் எளிமையானது. அதற்கு 60 வாட் போதும். மதர்போர்டில் கார்டைச் சொருகுகிற ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும் என்பதால் தனியாக கரண்ட் ஒயரே செருக வேண்டாம். பாலிடெக்னிக்கில் என் கூடப் படித்த ஒருவன் அதை ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருகி வைத்துக்கொண்டு ப்ராஜெக்ட் முழுக்கச் செய்து முடித்தான். ஒரு கார்டை வாங்கினால் கார்டை மட்டும் வாங்கினால் போதும் என்று இருந்த காலம் அது.

2021-இல் வேலை கூடியது. வீட்டுக்காரர்கள் ஒரு படத்தோடு விடவில்லை. வாசலில் நுழைந்து கூடம் வழியாக மாடி ஏறுகிற மாதிரி வீடியோ கேட்டார்கள். 6 ஜிபி திணறியது. அந்த பிப்ரவரியில்தான் ஆர்டிஎக்ஸ் 3060 வந்தது, 329 டாலர். இந்திய விலை 29,500-இல் ஆரம்பம் என்று அறிவித்தார்கள். ஆசையோடு நெல்லை ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கேட்டால் 65,000 என்றார்கள். அதுவும் பெயரை எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொரோனாவில் சிப் தட்டுப்பாடு ஒரு பக்கம். எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்துக்காகக் கார்டுகளை இரவு பகலாகக் கணக்குப் போட வைக்கிற மைனிங் செய்கிறவர்கள் கார்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனது இன்னொரு பக்கம். நான் வாங்கவில்லை. இரவில் ரெண்டர், அதாவது மாடலைப் படமாகவோ வீடியோவாகவோ மாற்றுகிற வேலை, போட்டுவிட்டுக் காலையில் எழுந்து பார்ப்பது என்று ஒரு வருஷத்துக்கும் மேல் ஓட்டினேன்.

2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அன்றோடு அதற்குக் கிராபிக்ஸ் கார்டு தேவையில்லாமல் போனது. பழைய கார்டுகள் சந்தையில் கொட்ட ஆரம்பித்தன. நவம்பரில் ஆன்லைனில் ஓர் ஆர்டிஎக்ஸ் 3080 கண்ணில் பட்டது. 10 ஜிபி, மூன்று ஃபேன், விலை 42,000. ஆறு மாதம் கேம் மட்டும் விளையாடியது என்று விற்றவர் சொன்னார். சென்னையில் இருக்கிற சித்தப்பா மகன் போய்ப் பார்த்தான். ஓடியது, படம் வந்தது, வாங்கிவிட்டான். நெல்லை எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தான்.

கேபினெட்டின், அதாவது கம்ப்யூட்டர் பெட்டியின், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பழைய கார்டை எடுத்துவிட்டு, புதியதை ஸ்லாட்டுக்கு நேராகப் பிடித்தேன். போகவில்லை. சாய்த்துப் பார்த்தேன், போகவில்லை. டேப் எடுத்து அளந்தேன். பின்பக்கத் தகட்டில் இருந்து ஹார்ட் டிஸ்க் சொருகும் கூண்டு வரை 29.5 சென்டிமீட்டர். கார்டு 32. இரண்டரை சென்டிமீட்டர் இடித்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஏட்டி, அளக்காமலா வாங்குன? ஒரு ஜாக்கெட்டுக்கே அளவு எடுத்துட்டுத்தான துணி வாங்குதோம்?" என்றாள். அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வீட்டுப் பிளானில் கதவு திறக்கிற இடத்தைக்கூட வரைந்து பார்க்கிற நான் இதை அளக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். மூன்று அளவு எடுங்கள். ஒன்று நீளம்: பின்பக்கத் தகட்டின் உள்பக்கத்தில் இருந்து எதிரே முதலில் எது இடிக்கிறதோ அதுவரை. முன்பக்கம் ஃபேன் மாட்டியிருந்தால் அதன் தடிமனையும் கழிக்க வேண்டும். இரண்டாவது தடிமன்: இப்போதைய பெரிய கார்டுகள் இரண்டரை, மூன்று ஸ்லாட் இடத்தை அடைக்கும், கீழே வேறு கார்டோ, மதர்போர்டு ஓரத்தில் ஹார்ட் டிஸ்க் ஒயரோ இருந்தால் அதன்மேல் உட்கார்ந்துவிடும். மூன்றாவது அளவைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கார்டின் விளிம்பில் இருந்து பக்கவாட்டுத் தகடு வரை எவ்வளவு இடம்? கரண்ட் ஒயர் அங்கேதான் வெளியே வரும். இடம் இல்லையென்றால் ஒயரை மடக்கி அமுக்கித்தான் மூட வேண்டியிருக்கும். 450 வாட் போகிற ஒயரைப் பிளக் பக்கத்திலேயே மடக்குவது நல்லதல்ல.

புதுக் கேபினெட் வாங்கக் கையில் காசு இல்லை. தெருமுனை கிரில் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதற்கு முன் மதர்போர்டு, ஒயர் எல்லாவற்றையும் கழற்றி வெறும் கூடாக்கிவிட்டேன். இது ரொம்ப முக்கியம். ஓர் இரும்புத் தூள் மதர்போர்டில் ஒட்டிக்கொண்டால் போதும், ஆன் செய்கிற நொடியில் ஷார்ட் ஆகிவிடும். ஹார்ட் டிஸ்க் கூண்டை எட்டு ரிவெட் அடித்துப் பிடித்திருந்தார்கள். பட்டறைத் தம்பி டிரில்லிங் மெஷினில் ஒவ்வொரு ரிவெட்டின் தலையையும் குடைந்தெடுத்தான். கூண்டு கையோடு வந்தது. வெட்டிய ஓரங்களை அரம் போட்டுத் தேய்த்து, வீட்டில் ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்து, ஒரு நாள் வெயிலில் வைத்தேன். கூலி 200 ரூபாய்.

கார்டு உட்கார்ந்தது. விண்டோஸ் வந்தது. லூமியனைத் திறந்து ஒரு வீட்டை ஏற்றினேன். 'டக்' என்று ஒரு சத்தம், மொத்தமும் அணைந்துவிட்டது. 450 வாட் எஸ்எம்பிஎஸ் இந்தக் கார்டுக்குப் போதாது என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 3080-இன் கணக்கு 320 வாட். ஆனால் வேலை திடீரென்று ஏறும்போது கண் இமைக்கும் நேரத்துக்கு அதைவிட ரொம்பவே கூடுதலாக இழுக்கும். அந்த ஒரு நொடியைத் தாங்காமல்தான் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. தயாரித்தவர்களே இதற்கு 750 வாட் வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். புது எஸ்எம்பிஎஸ் 8,400. கார்டில் 8 பின் சாக்கெட் இரண்டு இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து இரண்டு தனித்தனி ஒயர் கொண்டுவர வேண்டும். ஒரே ஒயரில் பிரிகிற இரண்டு தலையை மாட்டக் கூடாது. ஒரு 8 பின்னுக்குக் கணக்கு 150 வாட் தான்.

அப்புறம் யுபிஎஸ். என்னிடம் இருந்தது 600 விஏ. அதில் நிஜமாகக் கிடைப்பது 360 வாட் தான் என்று அதன் முதுகில் சின்ன எழுத்தில் இருக்கிறது. ஆடிக்காற்றில் எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும். ஒருமுறை ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. யுபிஎஸ் ஒரு கத்துக் கத்திவிட்டுக் கூடவே அணைந்தது. ஐந்து மணி நேர வீடியோ போச்சு. 1100 விஏ வாங்கினேன், 5,900.

எல்லாம் மாட்டி மூன்று வாரம் ஆனபோது ஒரு நாள் கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுக்கையில் பார்த்தேன். கார்டின் முன்முனை தொங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூ, நடுவில் ஸ்லாட். மற்றபடி ஒன்றரைக் கிலோ செம்பும் அலுமினியமும் அந்தரத்தில். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் கான்டிலீவர். சன்ஷேடு இப்படித்தான் ஒரு பக்கம் மட்டும் சுவரில் ஊன்றி நிற்கும். ஆனால் சன்ஷேடுக்குக் கம்பி கட்டியிருக்கும், காங்கிரீட் காய்கிற வரை அடியில் முட்டும் கொடுத்திருப்போம். இங்கே அந்த முழுக் கனத்தையும் ஒரு மெல்லிய சர்க்யூட் பலகையும் பிளாஸ்டிக் ஸ்லாட்டும் தாங்க வேண்டியிருக்கிறது. நாளாக நாளாக ஸ்லாட் பக்கத்தில் பலகையில் விரிசல் விடும் என்று சர்வீஸ் செய்கிறவர்கள் சொல்கிறார்கள். விரிசல் விட்டால் உள்ளே ஓடும் நூல் மாதிரித் தடங்கள் அறுந்துபோகும். பிறகு அதை ஒட்ட வைப்பது சாமானியம் இல்லை.

முட்டுத்தானே, கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. எங்கள் ஊரில் மரச் சொப்பு சாமான் கடைகிற பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. சின்ன வயதில் நான் விளையாடிய உரலும் திருகையும் குடமும் அங்கே வாங்கியதுதான். கடைசல் அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

"இது எதுக்கு பிள்ள?" என்றார்.

"கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கனமான சாமான் தொங்குது அண்ணாச்சி. அடியில ஒரு முட்டு வேணும். சரியா பதினாலு சென்டிமீட்டர் உயரம். ஒரு மில்லி கூடக்கூடாது, குறையக்கூடாது."

அவர் ஒரு கட்டையை எடுத்துக் கடைசலில் மாட்டினார். மோட்டார் சுற்றியது. உளியின் நுனி பட்ட இடத்தில் மரச்சுருள் நாடா மாதிரி கழன்று அவர் மடியில் விழுந்தது. அடியில் அகலமாக ஒரு பீடம், நடுவில் ஒடுக்கம், மேலே காசு அகலத்துக்கு ஒரு தட்டு. கோயில் மண்டபத் தூண் மாதிரியே வந்தது. கட்டை சுற்றிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு அரக்குக் கட்டியை அதன்மேல் அழுத்தினார். உராய்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிப் பளபளத்தது. தாழை மடலால் ஓர் இழுப்பு இழுத்து மெருகேற்றினார். அளந்து பார்த்தேன், பதினாலு. 80 ரூபாய் வாங்கிக்கொண்டார். மேல் தட்டில் ஒரு சைக்கிள் டியூப் துண்டை ஒட்டி, கார்டின் முன்முனையில் ஃபேனில் படாத இடமாகப் பார்த்து நிறுத்தினேன். மரம் கரண்ட் கடத்தாது என்பது இதில் இன்னொரு வசதி. இன்றுவரை அந்தச் சிவப்புத் தூண் அப்படியே நிற்கிறது.

கார்டுகள் ஏன் இவ்வளவு பெரிதாகின்றன என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். சிப் அப்படியொன்றும் பெரிதில்லை. பெரிய கார்டான ஆர்டிஎக்ஸ் 4090-இன் சிப் 608 சதுர மில்லிமீட்டர். இரண்டு தபால் தலை அளவுகூட வராது. பெரிதானது சூட்டை இறக்குகிற பகுதிதான். காய்ச்சிய பாலைச் சொம்பில் வைத்தால் ஆற நேரமாகும். அகலமான தாம்பாளத்தில் ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடும். அதே கணக்குத்தான் இது. சூடு கூடக் கூடக் காற்றுப் படுகிற பரப்பைக் கூட்ட வேண்டும். அதனால் அலுமினியத் தகடுகளை நெருக்கி அடுக்கி, அதற்கு மேல் மூன்று ஃபேன் வைக்கிறார்கள். முன்பெல்லாம் சிப்பின் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அது தின்னும் மின்சாரமும் அதே அளவில் குறைந்தது. அந்தச் சலுகை 2000-களின் நடுவிலேயே தீர்ந்துபோனது. இப்போது வேகம் வேண்டுமென்றால் டிரான்சிஸ்டரைக் கூட்டுகிறார்கள். மின்சாரமும் கூடவே ஏறுகிறது. என் 1060-இல் 440 கோடி டிரான்சிஸ்டர், 120 வாட். 2022 அக்டோபரில் வந்த 4090-இல் 7,600 கோடிக்கும் மேல், 450 வாட். 2025 ஜனவரியில் வந்த 5090-க்கு 575 வாட். அதற்கு 1000 வாட் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு மிக்ஸியே 500 வாட் தான், அதையும் சட்னி அரைக்கிற ஐந்து நிமிடம்தான் ஓட்டுகிறோம்.

விலைக்கும் காரணங்கள் இருக்கின்றன. 1060-இன் அறிவிப்பு விலை 249 டாலர். அப்போது டாலர் 65 ரூபாய்ப் பக்கம். 5090-இன் அறிவிப்பு விலை 1,999 டாலர். டாலரோ 85-ஐத் தாண்டிவிட்டது. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 2025-இல் இந்தியாவில் 2,14,000 ரூபாயில் ஆரம்பித்தது. வீரவநல்லூரில் அந்தக் காசுக்குக் கூரைக் காங்கிரீட்டே போட்டுவிடலாம். நுண்ணிய முறையில் சிப் அச்சடிக்கிற செலவும் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் என் மனசில் உறுத்துவது வேறொரு கணக்கு. 2025 ஜனவரியோடு முடிந்த நிதியாண்டில், இந்தக் கார்டுகளின் சிப்பை வடிவமைக்கிற என்விடியாவின் மொத்த வருமானம் 13,050 கோடி டாலர். அதில் கேமிங் கார்டுகளின் பங்கு சுமார் 1,135 கோடி; பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியில் பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களில் இருந்து வருகிறது. ஒரே மாவில் எந்தப் பலகாரத்துக்கு லாபம் கூடுதலோ அதைத்தானே கடைக்காரர் முதலில் சுடுவார்? வரிசையில் நம்மைப் போன்றவர்கள் பின்னால் தள்ளப்பட்டுவிட்டோம். பெரிய ஊர் ஸ்டுடியோக்கள் இதைத் தாங்கிக்கொள்ளும். முன்னறையில் ஒரு மேசை போட்டுத் தொழில் தொடங்க நினைக்கிற பிள்ளைகளுக்குத்தான் வாசலிலேயே படி உயர்ந்துவிட்டது. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சரி, என் 3080-க்கு வருகிறேன். சித்திரை வெயில் வந்ததும் அதன் நிஜ முகம் தெரிந்தது. அரை மணி நேரம் ரெண்டர் ஓடினால் வேகம் படுத்துவிடும். சிப்பின் சூடு 78 டிகிரிதான் காட்டியது. கார்டின் மெமரிச் சூட்டைத் தனியாகக் காட்டும் மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் 108. இந்தக் கார்டில் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110-ஐத் தொட்டால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கார்டைக் கழற்றித் திறந்தேன். மெமரிக்கும் சூட்டை இறக்குகிற ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்த இருக்கிற தெர்மல் பேட் காய்ந்து வறட்டி மாதிரி உதிர்ந்தது. அதில் இருந்து கசிந்த எண்ணெய் பலகை முழுக்கப் பரவியிருந்தது. ஆறு மாதம் கேம் விளையாடிய கார்டு அல்ல அது. இரவு பகலாக எங்கோ மைனிங்கில் வெந்த கார்டு. விற்றவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை.

பழைய கார்டு வாங்குகிறவர்கள் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து ஏமாற வேண்டாம். அரை மணி நேரமாவது முழு பாரத்தில் ஓட்டி, மெமரிச் சூட்டைப் பாருங்கள். கார்டின் ஸ்க்ரூ மேல் இருக்கும் வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா, பலகை ஓரத்தில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரிஜினல் பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் கார்டில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். பேட் மாற்றுவது என்றால் பழைய பேடின் தடிமனை இடத்துக்கு இடம் அளந்து, அதே தடிமனில் வாங்க வேண்டும். அரை மில்லி கூடிப்போனால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு சிப்பின் மேல் சரியாக உட்காராது. நான் முதல் தடவை எல்லா இடத்துக்கும் ஒரே தடிமனில் போட்டு, சிப்பின் சூடு 95-க்கு ஏறி, மறுபடி பிரித்து மாட்டினேன். பேடும் சிப்பின் மேல் தடவுகிற பேஸ்டும் சேர்த்து 1,400 ரூபாய். மெமரி 92-க்கு இறங்கியது.

இன்னொன்றும் செய்தேன், இதைப் பெரிய கார்டு வைத்திருக்கிற எல்லோருக்கும் சொல்வேன். கார்டு இழுக்கும் மின்சாரத்துக்கு மென்பொருளிலேயே உச்சவரம்பு வைக்கலாம். 320 வாட்டை 240-க்குக் குறைத்தேன். 40 நிமிட ரெண்டர் 43 நிமிடம் ஆனது, அவ்வளவுதான். அறைச் சூடும் ஃபேன் சத்தமும் பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது. இபி கணக்கும் பார்த்தேன். இரண்டு மாதத்தில் 50 வேலைநாள், தினம் 6 மணி நேரம் முழு பாரம் என்றால் 320 வாட்டுக்குக் கார்டு மட்டுமே 96 யூனிட். அரசு தருகிற 100 யூனிட் இலவசம் கார்டுக்கே போய்விடும். 240-இல் 72 யூனிட். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால் இந்த 24 யூனிட் எங்கள் வீட்டுக்குச் சின்ன விஷயம் இல்லை.

மொத்தக் கணக்கைக் கூட்டினேன். கார்டு 42,000, எஸ்எம்பிஎஸ் 8,400, யுபிஎஸ் 5,900, பேட், பேஸ்ட் 1,400, கிரில் பட்டறை 200, முட்டு 80. ஆக 57,980. கார்டு விலையில் இல்லாத பதினாறாயிரம்.

இவ்வளவுக்கும் பிறகு, சேரன்மகாதேவி பக்கம் ஒரு கல்யாண மண்டப வேலை வந்தது. உள்ளே ஆயிரம் நாற்காலி, வெளியே தோட்டம், தென்னை வரிசை, புல்தரை. 3080 அதைத் திறக்கவே மறுத்தது. 10 ஜிபி மெமரி நிரம்பிவிட்டது. வேகம் இருந்தும் பொருள் வைக்க இடம் இல்லை. 12 ஜிபி வைத்திருந்த, என்னுடையதைவிட வேகம் குறைந்த 3060-இல் ஒரு நண்பர் அதே ஃபைலைத் திறந்து காட்டினார். நிதானமாக ஓடியது, ஆனால் ஓடியது. எங்கள் மாதிரி வேலைக்குக் கார்டின் வேகத்தைவிட அதன் மெமரியை முதலில் பார்க்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். மண்டபத்தை நான்கு துண்டாகப் பிரித்து, தூரத்து மரங்களை எல்லாம் தட்டையான படமாக மாற்றி, எப்படியோ முடித்துக் கொடுத்தேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறந்தார்கள். தாமிரபரணி கரை தெரியாமல் போனது. தெருத் தண்ணீர் எங்கள் வாசல் படியில் ஏற ஆரம்பித்தபோது கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏற முடியவில்லை. கார்டை மட்டும் கழற்றி, துண்டில் சுற்றி, பரணில் வைத்தேன். பிறகு மீதியை ஏற்றினோம். அன்றில் இருந்து ஒரு பழக்கம்: கம்ப்யூட்டரைப் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோனாலும் கார்டைக் கழற்றிவிடுவேன். பஸ் பார்சலில் கார்டோடு சேர்த்துக் கேபினெட்டை அனுப்பி, போய்ச் சேரும்போது ஸ்லாட் பெயர்ந்து கிடந்த கதை எனக்குத் தெரிந்தே இரண்டு உண்டு.

2025 கோடையில், கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் சித்தி மகள் டிப்ளமோ முடித்துவிட்டு இதே தொழிலுக்கு வருகிறேன் என்றாள். மொத்த பட்ஜெட் 75,000. கடையில் அவளுக்குக் காட்டியது மூன்று ஃபேனும் வண்ண விளக்கும் வைத்த 8 ஜிபி கார்டு. "புது மாடல்க்கா, ஸ்பீடு கூடங்காவ" என்று போனில் சொன்னாள். 3060-க்கு அடுத்து வந்த 4060-லும் அதற்கு அடுத்த 5060-லும் 8 ஜிபிதான். புதியது என்பதால் மெமரி கூடியிருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 16 ஜிபி வேண்டுமென்றால் 5060 டிஐ-யில் உண்டு. ஆனால் அது அவள் பட்ஜெட்டைத் தாண்டியது.

அவள் பழகுகிற ஃபைல்களிலேயே பெரியதை என் கம்ப்யூட்டரில் திறந்தோம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், ஜிபியு-வைத் தொட்டால் கார்டு மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரியும். 9.4 ஜிபி காட்டியது. வாங்குவதற்கு முன் உங்களுடைய கனமான ஃபைலை இப்படி யாருடைய கம்ப்யூட்டரிலாவது திறந்து பார்த்துவிடுங்கள். 8 ஜிபி கார்டு அவளுக்கு முதல் மாதத்திலேயே முட்டியிருக்கும். இரண்டு ஃபேன் வைத்த 12 ஜிபி 3060-ஐ 26,500-க்குப் புதிதாக, பில்லோடு, வாரண்டியோடு வாங்கினோம். 170 வாட். 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். மூன்று ஃபேன் மாடலும் கடையில் இருந்தது, 3,000 ரூபாய் கூடுதல். 170 வாட் சூட்டுக்கு இரண்டு ஃபேன் தாராளம். மூன்றாவது ஃபேன் இடத்தைத்தான் அடைக்கும்.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அவளே டேப்பை எடுத்துக் கேபினெட்டுக்குள் நீட்டினாள். கார்டு 24 சென்டிமீட்டர், இடம் 31. பக்கவாட்டுத் தகட்டுக்கும் ஒயருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தது. ஸ்லாட்டில் 'கிளிக்' என்று உட்கார்ந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரி அவள் போட்ட முதல் ரெண்டர், முன்பக்கம் திண்ணை வைத்த ஒரு சின்ன ஓட்டு வீடு. அவள் தாத்தா வீட்டை நினைத்து வரைந்ததாம். 26 நிமிடத்தில் முடிந்தது.

இரண்டு நாள் கழித்துக் கடைசல் அண்ணாச்சியைக் கடைத்தெருவில் பார்த்தேன். சித்தி அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருப்பாள் போல. "அந்தச் சின்னப் பிள்ளைக்கும் ஒரு முட்டு கடஞ்சு வைக்கட்டா?" என்று கேட்டார். அவள் கார்டு ஒரு கிலோகூட இல்லை அண்ணாச்சி, தானாகவே நிற்கும் என்றேன்.